கடவுள் செயலா, கம்பெனி செயலா?

புதன்கிழமை பகல் 11.50. சென்னை நங்கநல்லூரில் நாங்கள் ஒன்பது வருடம் குடியிருந்த வாடகை வீட்டின் வாசலில் நின்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். வண்டியில் ஏறிய சாமான்களின் பட்டியல் அது. கட்டில், பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தையல் மெஷின் என்று பன்னிரண்டு உருப்படிக்கு வரிசை எண் போட்டிருந்தது. அதற்குக் கீழே 'அட்டைப்பெட்டிகள், இதர சாமான்கள்' என்று ஒரே வரி. எத்தனை பெட்டி என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். சாமான் ஏற்ற வந்த கம்பெனியின் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"பன்னெண்டுக்கு ராகு காலம் ஆரம்பிச்சிரும் சார். அதுக்குள்ள வண்டி நகரணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க கையெழுத்தப் போடுங்க, நம்பர நான் எழுதிக்கிறேன்."

அம்மா என்று அவர் சொன்னது என் மாமியாரை. எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. என் பெற்றோரின் திருமணமே 1974-இல் வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்து நடத்திய சுயமரியாதைத் திருமணம். ஆனாலும் பெரியவர் மனம் நோக வேண்டாம், பன்னிரண்டுக்குள் கிளம்பினால் நமக்கென்ன நட்டம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். 11.56-க்கு முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

போய்ச் சேர வேண்டிய இடம் திருச்சி உறையூர். ஏழு மணி நேரப் பயணம். தனி வண்டி, அன்று இரவே வந்துவிடும் என்று 22,500 ரூபாய்க்குப் பேசியிருந்தார்கள். சாமான்களுக்கு 2 லட்சம் மதிப்புப் போட்டு, அதில் 3 சதவீதம் 'இன்சூரன்ஸ்' என்று 6,000 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார்கள். வியாழன் காலையில் நாங்கள் காலி வீட்டில் பாய் விரித்துக் காத்திருந்தபோது போன் வந்தது.

"கன அடி ஜாஸ்தியாயிடுச்சு சார், ஒரு வண்டில கொள்ளல. மாதவரம் குடோன்ல இறக்கி வச்சிருக்கோம். இன்னும் ஒரு பதினோராயிரம் போட்டுவிட்டீங்கன்னா இன்னைக்கு நைட்டே ஏத்திருவோம். இல்லேன்னா குடோன் வாடகை நாளுக்கு ஐந்நூறு ஓடும்."

ஒரே வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தி, என் கண் முன்னால் கிளம்பிப் போன சாமான் அது. கொள்ளவில்லை என்றால் கதவு எப்படிச் சாத்தியது? கேட்டேன். மறுமுனையில் பதில் இல்லை. அதன்பிறகு இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. மகளின் பள்ளிச் சீருடை, புத்தகம், அடுப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் அவர்கள் கையில். சனிக்கிழமை காலையில் பதினோராயிரத்தை அனுப்பினேன். ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்கு, வேறு பதிவெண் கொண்ட ஒரு லாரியில், முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களின் சாமான்களுக்கு நடுவே எங்கள் வீடு வந்து இறங்கியது.

முதலில் இறங்கியது என் அம்மாவின் தையல் மெஷின். மிதித்துத் தைக்கும் பழைய வகை. மேலே ஒரு சுற்றுக்கூட பபிள் ஷீட் இல்லை, ஒரு சாக்குதான் போர்த்தியிருந்தது. சாக்கை விலக்கினால், இடது பக்கத்து இரும்புக் கால் மிதிபலகைக்கு மேலே குறுக்காக முறிந்து, தோல் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் சர்க்கரைக்கட்டியை உடைத்ததுபோல் மணி மணியாகத் தெரிந்தது. அது வார்ப்பிரும்பு. வளையாது, உடையும், உடைந்தால் சாதாரண வெல்டிங்கில் நிற்காது, மறுபடி விரிசல் விடும். கிடையாகப் போட்டு, அதன்மேல் கனமான எதையோ ஏற்றியிருக்கிறார்கள். அப்பா இறந்தபின் பதினான்கு வருடம் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்து அம்மா என்னைப் படிக்க வைத்த மெஷின் அது. அம்மா குனிந்து முறிவைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"எல்லாத்தையும் எண்ணிப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டியா?"

இரண்டு பெட்டிகள் வரவில்லை. ஒன்றில் பித்தளைக் குடம், தாம்பாளங்கள், குத்துவிளக்கு. இன்னொன்றில் அப்பாவின் புத்தகங்கள். இரண்டுமே நல்ல கனம். கனமான பெட்டியில் பித்தளைதான் இருக்கும் என்று நினைத்து எடுத்திருக்கலாம். டி.வி. திரையில் விரிசல். இன்சூரன்ஸ் கட்டினேனே என்று கேட்டால், அது 'டிரான்சிட் ரிஸ்க்', கம்பெனியின் உள்கணக்கு என்றார்கள். எந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பாலிசியும் அதில் கிடையாது. இந்தியாவில் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம் தவிர வேறு யாரும் இன்சூரன்ஸ் பாலிசி வழங்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலிசி எண் எங்கே என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இதுவரை நடந்தது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. வீடு மாறியவர்கள் பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு மூன்று பேராவது இதையே கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது அதற்கடுத்து நடந்ததைப் பற்றி.

துக்கம் விசாரிப்பதுபோல் சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். "பொருளோட போச்சு, உயிருக்கு ஒண்ணும் ஆகல, திருஷ்டி கழிஞ்சதுன்னு வச்சுக்க." "உனக்கு நேரம் சரியில்ல." "கடவுள் ஏதோ பெருசா வரவேண்டியத இதோட நிறுத்தியிருக்கார்." என் மாமியார், பாவம், உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தார். தை மாதம், வளர்பிறை, புதன்கிழமை, ராகு காலத்துக்கு முன் என்று எல்லாம் பார்த்துத்தானே கிளப்பினோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் விடை கண்டுபிடித்துவிட்டார். "மாப்ளே, சாமான் ஏத்தும்போது எதுத்த வீட்டு மாடில நின்னு ரெண்டு பேரு பாத்துக்கிட்டே இருந்தாங்க. கண்ணு பட்டிருக்கு."

நல்ல நேரம் பார்க்காமல் கிளம்பியிருந்தால் நேரத்தைச் சொல்லியிருப்பார்கள். நேரம் பார்த்துக் கிளம்பியதால் கண்ணைச் சொல்கிறார்கள். எதிர்வீட்டில் யாரும் நிற்காமல் இருந்திருந்தால் சனிப்பெயர்ச்சி இருந்திருக்கும். என்ன நடந்தாலும் பொருந்திவிடும் ஒரு விளக்கம் எதையும் விளக்கவில்லை என்பது பகுத்தறிவின் பாலபாடம். அதோடு இது முடிந்தால் நானும் விட்டிருப்பேன். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இத்தனை வருடமும் நானும் இருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த ஆறுதல் ஒரு குற்றத்துக்குத் துணைபோகிறது என்று நினைக்கிறேன். கால் முறிந்தது கண் பட்டதால் என்றால், அதைக் கிடையாகப் போட்டவன் யார் என்ற கேள்விக்கு இடமே இல்லை. பெட்டி போனது திருஷ்டி கழிவதற்காக என்றால், எடுத்தவன் நமக்கு உதவி செய்தவன் ஆகிறான். நாம் கை கழுவிவிட்டு உட்காரும் அதே வாரத்தில் அதே ஆள் அதே தாளை இன்னொரு வீட்டு வாசலில் நீட்டுகிறான். அந்த வீட்டுக்காரருக்கு நாம் செய்த துரோகம் அது.

இந்த இடத்தில் நம் சட்டம் நம் வீட்டுப் பெரியவர்களைவிடக் கறாராக இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1865-இல் வந்த பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. வாடகைக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், ரசீது தர வேண்டும், ஒப்படைத்த பொருளுக்கு அவரே பொறுப்பு. பொறுப்பிலிருந்து தப்ப அவருக்குச் சில வழிகள் மட்டுமே உண்டு. போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசு போடும் தடை ஆகியவற்றோடு பட்டியலில் இருக்கும் இன்னொன்று 'கடவுள் செயல்'. சட்டத்தில் இந்தச் சொல்லுக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை. மனிதன் முன்கூட்டி அறிந்து தடுக்க முடியாத இயற்கைச் சீற்றம் என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் வெள்ளம் ஒரு லாரியை மூழ்கடித்திருந்தால் அதன் உரிமையாளர் இந்த வாதத்தை வைக்கலாம். அப்போதும் உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் சாமான் போன வாரத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே ஒரு தூறல்கூட இல்லை.

எந்த நீதிமன்றத்திலும் அந்தக் கம்பெனி நிரூபிக்கப் பாடுபட வேண்டிய ஒரு தப்பிக்கும் வழியை, என் சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே இனாமாகக் கொடுத்தார்கள். கடவுள் செயல் என்றார்கள். 1865-ஆம் ஆண்டுச் சட்டமே இதைவிடத் தெளிவாக இருந்தது: பொருள் போய்விட்டால், போக்குவரத்துக்காரரின் அலட்சியத்தால்தான் போனது என்று பொருளுக்கு உரியவர் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருள் யார் கையில் இருந்ததோ அவரே பதில் சொல்ல வேண்டும். குடோன் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவன்தான் சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு நியாயமான எண்ணம்! நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நம் கூடத்துக்குள் மட்டும் வரவில்லை.

பதினோராயிரம் விஷயமும் அப்படித்தான். அனுப்பியபின் எல்லோரும், "நீயா விரும்பித்தானே அனுப்புன, இனி எப்படிக் கேட்ப?" என்றார்கள். 1872-இல் எழுதிய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, வற்புறுத்தலுக்கு உட்பட்டுக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதற்குச் சட்டத்திலேயே எடுத்துக்காட்டாக எழுதியிருப்பது இதுதான்: ஒரு ரயில்வே கம்பெனி சட்டவிரோதமான கட்டணம் கேட்டு, அதைக் கட்டினால்தான் சரக்கைக் கொடுப்பேன் என்று நிறுத்திவைக்கிறது, உரியவர் சரக்கை மீட்பதற்காகக் கட்டுகிறார், அதிகப்படியாகக் கட்டியதைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. முதல்முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. லாரியே இல்லாத காலத்தில் எழுதி வைத்த வரி, மாதவரம் குடோனைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

இனி எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனோம். கூட வந்தவர் என் சித்தப்பா மகன். இந்தக் கம்பெனியைச் சொன்னவரும் அவர்தான். "நம்ம ஊர்ப்பக்கம்ணே, நம்ம ஆளுதான்" என்று. கம்பெனி முதலாளி முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம், நீட்டிய விசிட்டிங் கார்டில் பிள்ளையார். என் மாமியாருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஸ்டேஷனில் ரைட்டர், சிவில் விவகாரம் என்று முதலில் தட்டிக்கழித்தார். பிறகு மனு ரசீது போடலாம் என்று பேனாவை எடுத்து, "யார் மேல சந்தேகம்?" என்றார். சித்தப்பா மகன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "லோடு ஏத்த வந்தான் சார் ஒருத்தன், ஒடிசாக்காரப் பையன். அவன்தான்."

நான்கு லோடுமேன்கள் வந்திருந்தார்கள். லிப்ட் இல்லாத மூன்று மாடியிலிருந்து துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஆளுக்கு 700 ரூபாய் கூலி என்று அவர்களில் செய்யாறுக்காரர் ஒருவர் சொன்னார். வண்டி கிளம்பியதும் நால்வரும் வேளச்சேரியில் அடுத்த வீட்டு வேலைக்கு ஷேர் ஆட்டோ ஏறிப்போனதை நானே பார்த்தேன். குடோனில் இறக்கியது, மறுபடி ஏற்றியது எல்லாம் வேறு ஆட்கள். அந்தப் பையன் மேல் சந்தேகப்பட எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அவன் பேசிய மொழி. முதலாளியை நம்ப எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அவர் நெற்றியும் ஊரும் சாதியும். இரண்டும் ஒரே மூடநம்பிக்கை. ஒருவனைச் சான்றில்லாமல் நல்லவனாக்கும் அதே பழக்கம்தான் இன்னொருவனைச் சான்றில்லாமல் திருடனாக்குகிறது. பேயை நம்பினால் பயந்து தூங்காமல் கிடப்பது நாம்தான். இதை நம்பினால் ஊர் விட்டு வந்த ஒரு பையன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

அந்தப் பையன் பெயரை எழுத வேண்டாம் என்று ரைட்டரிடம் சொன்னேன். அவன் எடுக்கவில்லை என்று எனக்கும் தெரியாது. எடுத்தான் என்று சொல்ல எதுவும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள், பொருளை வாங்கிக்கொண்டு பணமும் வாங்கியது கம்பெனி, அதன் பெயரை எழுதுங்கள் என்றேன். சித்தப்பா மகன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

என் பங்கையும் சொல்லியாக வேண்டும். ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட ஆகும், வேண்டாமென்றால் இந்த ரேட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னபோது, வேண்டாம் என்று சொன்னது நான். அரசுக்குப் போக வேண்டிய நாலாயிரத்துச் சொச்சத்தை மிச்சப்படுத்த, என் கையில் இருக்க வேண்டிய ரசீதைக் கொடுத்துவிட்டேன். வரி ஏய்ப்புக்கு என்னோடு கூட்டுச் சேர்ந்தவர் என் சாமானில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று எந்த அறிவு சொன்னது? வண்டி வந்து நின்றபோது அதில் கம்பெனிப் பெயர்கூட இல்லை என்பதைக் கவனித்தேன். மனத்தில் சுருக்கென்றது. நேரமாகிறது, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று அந்த எண்ணத்தை நானே அழுத்திவிட்டேன்.

இங்கிலாந்துக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்டு 1877-இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஐயம் வருகிறது. இத்தனை முறை பத்திரமாகப் போய் வந்ததே, குடும்பம் குடும்பமாகப் பிழைக்கப் போகிறவர்களைக் கடவுள் காப்பாற்றாமலா போவார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் மனமார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்று அடுத்து அவர் சொல்வதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் சாமான் முழுதாக வந்து சேர்ந்திருந்தாலும், எண்ணாமல் கையெழுத்துப் போட்ட 11.50-இல் நான் செய்தது தவறுதான்.

ராகு காலம் நமக்கு என்ன நட்டம் செய்கிறது என்று கேட்பவர்களுக்குக் கணக்கே காட்ட முடியும். இதே கம்பெனி மார்கழியில் இதே வேலைக்கு 16,000 சொன்னது. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், வண்டிகள் சும்மா நிற்கும். தை பிறந்ததும் ஊரே ஒரே வளர்பிறையில் கிளம்புகிறது, 22,500 ஆனது. இந்த நேரக் கணக்கும் அதன் விதிப்படியே சரியில்லை. பகலை எட்டாக வகுத்து ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுக்கிறார்கள்; புதன்கிழமைக்கு ஐந்தாம் பங்கு, அதாவது சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் தொடங்குவது. காலண்டர் தாள் சூரியன் தினமும் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு என்று அச்சடிக்கிறது. தை மாதத்தில் சென்னையில் சூரியன் உதிக்கும்போது மணி ஆறரையைத் தாண்டிவிடும். உச்சிக்கு வருவது பன்னிரண்டு இருபதை ஒட்டி. நம்புகிறவர்களின் கணக்குப்படியே பன்னிரண்டுக்கு மேல் எனக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பெட்டிகளை இரண்டு தடவை எண்ணியிருக்கலாம். அந்தச் சூப்பர்வைசருக்கு ராகு காலத்தில் நம்பிக்கை உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெட்டிகள் மொத்தம் எத்தனை என்பது மகளால்தான் கிடைத்தது. சாமான் கட்டி முடித்ததும், வீட்டை ஒரு ஞாபகத்துக்காக அவள் போனில் படம் பிடித்திருந்தாள். கூடத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் அதில் முழுதாகத் தெரிகின்றன. அம்மாவும் நானும் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினோம். 31. வந்து இறங்கியது 29. அந்தப் படம், வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன், பணம் அனுப்பிய விவரம், முறிந்த காலின் படம், வண்டி எண் இரண்டையும் இணைத்து விரைவுத் தபாலில் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்குச் சான்று வந்துவிட்டது, பதில் வரவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போகலாம்.

உங்களுக்கும் இப்படி நடந்து, திருஷ்டி கழிந்தது என்று விட்டிருந்தால், தயவுசெய்து அந்தத் தாள்களைத் தேடி எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போக்குவரத்துச் சட்டப்படி இழப்பை எழுத்தில் தெரிவிக்க, சாமான் பதிவு செய்த தேதியிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. இன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.